கல் லாரிக்கு அளவெடுத்தவள்

டேப்பு என்பது நான் வைத்த பெயர் இல்லை. ஒர்க்‌ஷாப் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் அளவு டேப், காதில் பென்சில், கையில் அட்டை கிழிந்த ஒரு நோட்டு. அவள் எதிரில் ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும், உங்களையும் அளந்து எழுதிவிடுவாள். நான் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை நான் உயரமானவள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அவளைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் முதல் மூன்று வாரம் நான் அவளைத் திட்டாத திட்டு கிடையாது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

முதலில் என் வண்டி. மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. என்னைவிட மூன்று வயது இளையது. என் மாமனார் அதில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு எங்களிடம் வந்தது. என் வீட்டுக்காரருக்குச் செடி வளர்க்கத் தெரியும், சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. நான் நேர்மாறு. நான் தண்ணீர் ஊற்றினால் கள்ளிச்செடிகூட வாடிவிடும். அதனால் அவர் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார், நான் நாற்றுகளையும் தொட்டிச் செடிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டினேன். இருபத்திரண்டு வருஷம். வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் முழிப்பேன், அந்தக் கேபினில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். என் வீடு எது என்று யாராவது கேட்டால் அந்த சீட்டைத்தான் காட்டுவேன்.

போன வருஷம் முதுகில் டிஸ்க் நழுவியது. ஆபரேஷன் ஆகி, எட்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைசியில் எலும்பு டாக்டரிடம் போய், "எப்ப ஓட்டலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"என்ன வண்டி?" என்றார். செல்போனில் படம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதையா? இத இப்படியே ஓட்டினீங்கன்னா அடுத்த தடவை நாம ஆபரேஷன் தியேட்டர்லதான் பேசிக்குவோம். குலுக்கல் குறையணும். குறைக்க முடிஞ்சா ஓட்டுங்க. முடியலைன்னா வண்டிய விட்டுடுங்கம்மா."

அதே வாரம் ஓர் ஓட்டல்காரர் பண்ணைக்குச் செடி வாங்க வந்தவர், ஷெட்டில் நின்ற லாரியைப் பார்த்து சொக்கிப்போனார். ஓட்டல் வாசலில் அதை நிறுத்தி, பின்பக்கத்தில் மண்ணைக் கொட்டிப் பூச்செடி வளர்க்கப் போகிறாராம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். "என் வண்டி செடியச் சுமக்கும். செடித்தொட்டி ஆகாது!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் இரண்டடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர்தான் அவரைத் தனியாக அழைத்துப்போய், மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

என்னிடம் வந்து, "ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள வழி கிடைச்சா உன் வண்டி உனக்கு. கிடைக்கலைன்னா அடம் பிடிக்கக் கூடாது. எனக்கு நீ நடமாடணும்" என்றார். சாதாரணமாக அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் பத்து சொல்வேன். அன்றைக்கு உடனே ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஒர்க்‌ஷாப் தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் சீட்டில் கனமான மெத்தை போடச் சொன்னார். இரண்டாவது கடைக்காரர் ஏதோ பஸ்ஸிலிருந்து கழற்றிய குலுக்கலைத் தாங்குகிற ரப்பர் ஏர் பலூன் இரண்டை உருட்டிக் காட்டி, "வண்டிய விடுங்க, சாயங்காலமே மாட்டித் தர்றேன்" என்றார். எந்த இடத்தில் மாட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, "இடமா இல்ல?" என்றார். மூன்றாவது ஆள், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா லாரி?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. நான் பேசி முடித்தபோது தெருவே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. காதைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "பொறுமை இருந்தா கடைசி ஷெட்டுக்குப் போங்க. ஆனா உங்களுக்கு அது இருக்கிற மாதிரி தெரியலையே."

கடைசி ஷெட் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் தரையைப் பார்த்து அசந்துபோனேன். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது, ஊற்றிய இடத்திலேயே நிற்கும், அப்படி மட்டம். ஒரு சுவர் முழுக்க வரைபடங்கள். வீட்டுச் சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டேப்புவின் அம்மா, நான்கு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிரைண்டர் சத்தம் அதிகமானால் ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுவார். டேப்புவின் புருஷன்தான் அங்கே வெல்டர். ஷெட்டுக்குள் அவள் அவரை "வெல்டர்" என்பாள், அவர் அவளை "மேடம்" என்பார். வீட்டுப் படியேறினால்தான் புருஷன் பெண்டாட்டி. அவர்களுக்குள் ஒரு கறாரான ஏற்பாடு உண்டு. வரைந்து, மாதிரி செய்து, மாட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று அவள் தன் கையிலிருக்கும் சாக்பீஸை அவரிடம் கொடுக்கும்வரை அவர் ஓர் இரும்பைக்கூட வெட்டக் கூடாது. கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் குறுக்கே வரக் கூடாது.

நான் விஷயத்தைச் சொன்ன மறுநாளே டேப்பு பண்ணைக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள் என்பதைவிட என்னைக் குடைந்தாள் என்று சொல்லலாம்.

"ஏறும்போது எந்தக் கால முதல்ல வைப்பீங்கக்கா?"

"எது முன்னாடி இருக்கோ அது."

"டீசல் டேங்க்குல எப்பவும் எவ்ளோ இருக்கும்? மண் ரோடு அதிகமா, தார் ரோடு அதிகமா? பிரேக்க பொறுமையா போடுவீங்களா, பலமா போடுவீங்களா?"

"ஏம்மா, எனக்குக் கல்யாணம் பேசினப்பகூட யாரும் இவ்ளோ கேள்வி கேக்கல!"

"எடை?"

"கல் காலத்து வண்டி, யாருக்குத் தெரியும்?"

"உங்க எடைக்கா. சீட்டுக்கு வேணும்."

"அறுபத்திரண்டு" என்றேன்.

என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "எழுபதுன்னு போட்டுக்கிறேன்" என்று எழுதிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பிறகு செய்ததுதான் விசேஷம். பின் அச்சில் ஒரு பென்சிலைக் கம்பியால் கட்டினாள். அதன் முனை படும்படி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு வெள்ளை அட்டையைப் பொருத்தினாள். முன் அச்சிலும் அதே மாதிரி. ஓடும்போது அச்சு எவ்வளவு மேலும் கீழும் போகிறதோ அந்த அளவுக்குப் பென்சில் அட்டையில் கோடு போடும். செடியை ஏற்றி, வெல்டரை ஓட்டச் சொல்லி, நான் வழக்கமாகப் போகிற மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தார்கள். வந்ததும் அட்டைகளைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஒரு நகத்தின் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான்.

"இவ்ளோ பள்ளத்துலயும் உங்க கமான் அசைஞ்சது இவ்ளோதான்கா" என்றாள். அச்சுக்கு மேல் வில் மாதிரி வளைத்து அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைகளைத்தான் கமான் என்போம். "உங்க மாமனார் கல்லுக்காகக் கூடுதலா பட்டை சேர்த்திருக்காரு. அஞ்சு டன் கல் ஏத்தினா இது வளையும். செடிக்கு இது ஏன் வளையப்போகுது?"

"அப்ப மீதிக் குலுக்கல் எல்லாம்?"

"உங்க முதுகுக்குதான் போயிருக்கு. இருபத்திரண்டு வருஷமா."

நான் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வலி என்றபோதெல்லாம் வயசாகிவிட்டது என்றார்கள், எடை கூடிவிட்டது என்றார்கள், நானே என்னைத் திட்டிக்கொண்டேன். என் வலியை முதல் தடவையாக ஒருத்தி அளந்து கையில் கொடுத்திருக்கிறாள். அவள் என்னை ஆறுதல்படுத்தவெல்லாம் இல்லை. அட்டை நனைகிறது என்று மெதுவாக வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து எடைமேடை. வண்டியைச் சக்கரம் சக்கரமாக நிறுத்தி எடை பார்க்க வேண்டும். "தினமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ரெடி பண்ணி வைங்கக்கா, வெல்டர் வந்து எடுத்துப்பாரு" என்று போனில் சொன்னாள். நான் சரி சரி என்றேன். அப்புறம் வண்டியைப் போய்ப் பார்த்தேன். பெரிய தண்ணீர் டிரம், இரண்டு ஸ்டெப்னி, இரும்புச் சங்கிலி, எருமூட்டைகள், ஏணி, என் வீட்டுக்காரர் எப்போதோ போட்டுவிட்டு மறந்த கல்தொட்டிகள். எட்டு மாதத்துக்குப் பிறகு ஊருக்குள் போகிற வண்டி இந்தக் கோலத்திலா போகும்? டாக்டரிடம் போகும் முன் தலை வாரிக்கொள்வதில்லையா? ஆள் வைத்து எல்லாவற்றையும் இறக்கினேன். கழுவினேன். மூக்கைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். எடைமேடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள் என்று வெல்டர் வந்து சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வண்டியைத் தன் ஷெட்டிலேயே நிறுத்திக்கொண்டு, அந்த எடையை வைத்துத்தான் டேப்பு வரைய ஆரம்பித்தாள். முன்பக்கத்துக்கு மெல்லிசாக, நீளமாக நாலே பட்டை. பின்பக்கத்தில் மாமனார் சேர்த்த பட்டைகளை எடுத்துவிட்டுப் பக்கத்துக்கு ஓர் ஏர் பலூன். லோடு கூடின அன்றைக்குக் காற்றை ஏற்றிக்கொள்ளலாம், குறைந்த அன்றைக்கு இறக்கிக்கொள்ளலாம். சேசிஸில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போட மாட்டாளாம். கல் காலத்தில் போட்ட பழைய ஓட்டைகளிலேயே பலூனைத் தாங்கும் பிராக்கெட் உட்கார வேண்டுமாம். "நாளைக்கு உங்களுக்கு ஒத்துவரலைன்னா எல்லாத்தையும் கழட்டணும், வண்டி பழையபடி நிக்கணும். உங்க மாமனார் வண்டிய நான் கெடுத்தேன்னு இருக்கக் கூடாது" என்றாள்.

நல்ல பேச்சுதான். ஆனால் நாள் போகிறதே! ஒரு வாரம் அட்டையில் பிராக்கெட் வெட்டினாள். இன்னொரு வாரம் ஏர் பலூனுக்குப் பதிலாகப் பெயின்ட் டப்பாவை வைத்துப் பார்த்தாள். டயர் திரும்பும்போது உரசுகிறது என்று இரண்டு விரல் உள்ளே தள்ளினாள். மறுபடி டயரைத் திருப்பிப் பார்த்தாள். தினமும் ஆட்டோ பிடித்து அங்கே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நான் கத்துவேன். "ஏம்மா, லாரி செய்யறியா, இல்ல அட்டைப்பெட்டி செய்யறியா? எனக்கு மாசக் கடைசி வருது!" "ஆமாக்கா" என்பாள், டேப்பை இழுப்பாள். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா கேளுங்கக்கா, நான் கேட்டா சாப்பாடு வராது" என்பார்.

இருபத்து நான்காம் நாள் மாவு உருண்டைச் சோதனை. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பிசைந்த மாவை உருட்டி வைத்து, வண்டி பெரிய பள்ளத்தில் விழுந்தால் அச்சு எவ்வளவு மேலே வருமோ அதைக் கணக்குப் போட்டு அந்த உயரத்துக்கு ஜாக்கியால் தூக்குவாள். மாவு நசுங்கும். நசுங்கின பிறகு எத்தனை தடிமன் மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் இடைவெளி. மாவு பிசைவது அம்மாவின் வேலை. நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து கூடப் பிசைந்தேன்.

"திங்கிற மாவ லாரிக்குக் கொடுக்கிறா பாரு" என்றார் அம்மா. பிறகு, "என் இடுப்பு உடைஞ்ச கதை தெரியுமா உனக்கு?" என்றார்.

தெரியாது என்றேன்.

"இவ முன்னாடி ஆம்புலன்ஸ் கட்டுற எடத்துல வரையற வேலை பாத்தா. நான் வழுக்கி விழுந்தேன். என்னக் கூட்டிட்டுப் போக வந்தது இவ வரைஞ்ச வண்டி. ஆஸ்பத்திரிக்கு நாப்பது நிமிஷம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஐயோன்னு கத்துறேன், இவ என் கையப் பிடிச்சிட்டு வெளுத்துப்போய் உக்காந்திருக்கா. எடை இவ்ளோன்னு யாரோ எழுதிக் கொடுத்தாங்களாம். அத நம்பி வரைஞ்சிட்டாளாம், நேர்ல போய்ப் பாக்கலையாம். நான் சொன்னேன், ரோடு அப்படிடி, நீ என்ன பண்ணுவன்னு. எங்க கேட்டா? நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு அந்த வேலைய விட்டுட்டா."

என் கை மாவிலேயே நின்றுவிட்டது. எடை எழுதிக் கொடுத்தது. நான் என்ன கொடுத்தேன் இந்தப் பெண்ணுக்கு? டிரம் இல்லாத வண்டி, ஸ்டெப்னி இல்லாத வண்டி, பவுடர் போட்டு நிறுத்தின வண்டி.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஷெட்டில் டேப்பு குனிந்து நசுங்கின மாவை அளந்துகொண்டிருந்தாள். "நாலு சென்டிமீட்டர் இருக்கு, போதும்" என்று சிரித்தபடி நிமிர்ந்து, சாக்பீஸை எடுத்து வெல்டர் கையில் கொடுத்தாள். மூன்று வாரமாக நான் கேட்டுக் கத்தினது அதைத்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சொன்னால் மறுபடி எடை, மறுபடி வரைபடம், மறுபடி மாவு. மாதக் கடைசி தாண்டிவிடும். ஓட்டல்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். அப்புறம் இந்த வேலையும் சரிப்படவில்லை என்றால் ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, ஷெட்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து கேட்டார்.

"எவ்ளோ எடை இருக்கும் அதெல்லாம்?"

"அறுநூறு கிலோ வரும்."

"அவகிட்ட சொல்லிடு."

"இருபத்தஞ்சு நாளா அவளப் பேசாத பேச்சுப் பேசியிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிட்டுதான்" என்றார்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரும்புத் தகட்டின் மேல் குனிந்திருந்தார். சாக்பீஸ் கோடு பளிச்சென்று தெரிந்தது. கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். எதற்கோ உண்டாக்கின என் தொண்டை அன்றைக்குத்தான் உதவியது. அவர் நிறுத்தினார். டேப்பு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிரம்மிலிருந்து கல்தொட்டிவரை ஒன்றுவிடாமல். "தப்பு என்னுதும்மா. நீ அப்படியே கொண்டு வரச் சொன்ன. நான்தான் அழகு பாத்தேன். நேத்தே தெரிஞ்சும் சொல்லல. அதுவும் தப்புதான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் ஸ்பேனரை எறிந்திருப்பேன். அவள் நோட்டைப் புரட்டினாள். பண்ணையில் முதல் நாள் எடுத்த வண்டியின் உயரத்துக்கும் இங்கே எடுத்த உயரத்துக்கும் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் எழுதியிருந்தாள். பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'பண்ணைத் தரை மேடு பள்ளம்' என்று இருந்தது.

"எனக்கும் கண்ணுல பட்டுது. தரை மேல பழியப் போட்டுட்டேன். திரும்ப வந்து பாத்திருக்கணும்" என்றாள். பிறகு வெல்டரிடம் கையை நீட்டினாள். அவர் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஷெட்டில் அது திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

சாயங்காலத்துக்குள் பண்ணையிலிருந்து எல்லாச் சாமான்களையும் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினோம். டிரம்மில் தண்ணீர்கூட நிரப்பினோம். எடை போட்டு, கணக்கை மாற்றி, அதே பெயின்ட் டப்பாவோடு, புதிய மாவு உருண்டையோடு ஜாக்கியை ஏற்றினாள். மாவு பிதுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன.

"இப்படியே மாட்டியிருந்தா முதல் பெரிய பள்ளத்துல அச்சு நேரா சேசிஸ்ல இடிச்சிருக்கும்" என்றாள். என் முதுகைப் பார்த்தாள். அந்த ஒரு இடிக்கு அப்புறம் நான் எங்கே படுத்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

மேலும் மூன்று வாரம் ஆனது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. காலையில் போய் மாவு பிசைவேன், அட்டையைப் பிடித்துக்கொள்வேன், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று வெல்டர் கேட்டார். இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்று அம்மா ஜன்னலிலிருந்து பதில் சொன்னார். பலூனைப் பெரிதாக்கி, பிராக்கெட்டை இறக்கி, அச்சு மேலே வரும் இடத்தில் கனமான ரப்பர் கட்டை வைத்து வரைந்தாள். மாவு ஐந்து சென்டிமீட்டர் மிஞ்சியது. சாக்பீஸ் கை மாறியது. அதற்குப் பிறகு வெட்டுவதும் பற்றவைப்பதும் மாட்டுவதும் நாலே நாளில் முடிந்தன.

மாதக் கடைசி எப்போதோ போய்விட்டது. வண்டி தயாரான அன்று காலை வீட்டுக்காரரிடம் கேட்டேன், "அந்த ஓட்டல்காரர் என்ன ஆனாரு?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீ போய் தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வந்தியே, அன்னைக்கே. முப்பது வருஷத்துல உன் வாயிலருந்து அது வந்து நான் கேட்டதில்ல. அந்த வண்டிக்காக நீ அதையே சொல்லிட்ட. அதுக்கு மேல நான் எங்க விக்கறது?" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கியது. அவர் போன பக்கத்தைப் பார்த்து, "முப்பது இல்ல, முப்பத்தொன்னு" என்று மட்டும் சொன்னேன்.

ஷெட்டில் வண்டி நின்றது. செடி, டிரம், ஸ்டெப்னி, ஏணி எல்லாம் ஏற்றியிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். டேப்பு பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். பத்து மாதம் ஆகிவிட்டது.

ஊரைத் தாண்டினோம். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. தூரத்தில் ஒரு சின்ன ஓடைப் பாலம். பாலம் என்று பெயர்தானே தவிர, அதன் இரண்டு பக்கமும் ரோடு ஒரு முழம் இறங்கியிருக்கும். கிட்டே போகப் போக, நான் ஸ்டியரிங்கை அழுத்தி, காலை ஊன்றி, சீட்டிலிருந்து உடம்பைத் தூக்கிவிட்டேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"இங்க எப்பவும் இப்படித்தான்மா. உக்காந்திருந்தா உயிர் போயிடும்."

"எத்தனை வருஷமா?"

"யாரு எண்ணினா?"

"உக்காருங்கக்கா."

"ஏய், பாலம்மா!"

"நான் அளந்திருக்கேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். முன் சக்கரம் இறங்கியது. வண்டி ஒருமுறை தாழ்ந்து, ஒருமுறை எழுந்து, மெதுவாக நிலைக்கு வந்தது. பின் சக்கரமும் அப்படியே. டிரம்மில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. பாலம் பின்னால் போய்விட்டது. நான் இன்னும் பல்லைக் கடித்தபடி இருந்தேன்.

"பத்துக்கு எவ்ளோக்கா வலி? முன்னாடி பத்துன்னா, இப்ப?"

ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தான் நாக்கு போனது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் நிதானமாக முதுகைக் கேட்டுப் பார்த்தேன்.

"மூணு" என்றேன்.

"மூணா?"

"சத்தியமா மூணு. ரெண்டுன்னுகூடச் சொல்லமாட்டேன்."

அவள் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "மூணோட ஓட்டலாம்கா" என்றாள். "நாளைக்கு சீட்ட இன்னும் கொஞ்சம் பாக்கறேன். ஆனா மூணோட ஓட்டலாம்."

எனக்கு ரோடு மங்கலாகிவிட்டது. வைப்பர் போட்டுப் பார்த்தேன், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. "நீ நல்லா இருக்கணும்மா. உன் கை நல்லா இருக்கணும். நீ எனக்கு நான் பெத்த பொண்ணு மாதிரி..." என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினேன்.

"ரோட்டப் பாருங்கக்கா" என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது.